முகாமுக்குப் பட்ட கண்ணூறு

ஒப்பந்தம் பஸ்ஸில் வைத்தே பேசி முடிக்கப்பட்டது. பேசியது என் மகள் அமலினி. தலையை ஆட்டியது நான்.

"முகாமிலை என்னைக் குஞ்சு, பிள்ளை எண்டெல்லாம் கூப்பிடக் கூடாது. என்ரை கூடாரத்துப் பக்கம் வரக் கூடாது. எனக்கெண்டு தனியாச் சாப்பாடு எடுத்து வைக்கக் கூடாது. எண்ணெய்ப் போத்திலோடை என்ரை தலைக்குப் பின்னாலை திரியக் கூடாது."

"மூச்சு விடலாமோ?" என்று கேட்டேன்.

"விடலாம். குசினிக்குள்ளை."

அவளுக்கு வயது பதின்மூன்று. வாய்க்கு மட்டும் முப்பத்தைந்து.

இந்தப் பேச்சைக் கேட்கும் நிலை எனக்கு ஏன் வந்தது என்று சொல்லிவிடுகிறேன். மன்னாரிலிருந்து வந்து நாங்கள் குடியேறிய இந்த ஊரின் பங்குக் கோயில் ஒவ்வொரு ஜூலையிலும் பெண்பிள்ளைகளை மதோனியே மலைக்குக் கூட்டிப்போய் ஒரு கிழமை கூடாரத்தில் வைத்திருக்கும். அமலினி மூன்று வருடமாக என் காலைச் சுற்றினாள். பொம்பிளைப் பிள்ளையைக் காட்டில் படுக்க விடுவதா என்று நானும் மூன்று வருடமாக மறுத்தேன். இந்த வருடம் என் கணவர் கிறிகோரி குறுக்கே வந்தார். துறைமுகத்தில் சார்தீனியாவுக்குப் போய்வருகிற கப்பல்களைத் துப்பரவாக்குகிற மனிதர், கலியாணம் கட்டிய நாளிலிருந்து என்னை எதிர்த்து ஒரு சொல் பேசாதவர், "விடும் ஸ்ரெல்லா, போயிட்டு வரட்டும்," என்றார். நானும் ஓம் என்றுவிட்டேன்.

அந்த அதிர்ச்சி ஆறுவதற்குள் முகாமுக்கு வழமையாகச் சமைக்கிற அம்மா வழுக்கி விழுந்து கையை முறித்துக்கொண்டார். பூசை முடிந்ததும் முகாமை நடத்துகிற சிஸ்டர் கொன்சேத்தா எழும்பி, நாற்பது பிள்ளைகளுக்குச் சமைக்க யாரால் முடியும் என்று கேட்டார். நான் வீட்டுவேலை செய்கிற பொலிதேயாமாப் பகுதி வீட்டுக்காரச் சிஞ்ஞோரா குடும்பத்தோடு கடற்கரை வீட்டுக்குப் போயிருந்தார். நான் வேலையில்லாமல் இருந்தேன். யோசிப்பதற்கு முன்னரே என் கை மேலே போய்விட்டது. பக்கத்தில் இருந்த அமலினி அந்தக் கையைப் பாம்பைப் பார்ப்பது போலப் பார்த்தாள்.

இரண்டு நாள் அழுதாள். என்னைக் காட்ட வெட்கமா என்று கேட்டேன். இல்லை என்றாள். நான் நம்பவில்லை. மற்றப் பிள்ளைகளின் தாய்மார் கடை வைத்திருக்கிறார்கள், பள்ளிக்கூடத்தில் படிப்பிக்கிறார்கள். நான் அடுத்தவர் வீட்டு மாபிள் நிலத்தை மினுக்குகிறேன். என் பிள்ளைக்கு என்னால் வெட்கம் என்று நினைத்தேன். அந்த நினைப்பு பஸ் மலையேறும் வரை என்னைக் குத்திக்கொண்டே வந்தது.

முகாம் புல்வெளியில் இறங்கியதும் சிஸ்டர் கொன்சேத்தா விசில் ஊதினார். குள்ளமானவர். உருண்டையானவர். துறவற உடுப்புக்குக் கீழே ஓட்டப் பந்தயச் சப்பாத்துப் போட்டிருப்பார். எல்லோருடைய ஃபோனையும் ஒரு பிஸ்கற் ரின்னுக்குள் போட்டு மூடினார். பிள்ளைகளை நான்கு குழுவாகப் பிரித்தார். நரி, முயல், குருவி, ஆந்தை. என் மகளுக்கு ஆந்தை விழுந்தது. போயும் போயும் ஆந்தை. எங்கள் ஊரில் அது வீட்டுக் கூரையில் இருந்து கத்தினால் கல்லெடுத்து எறிவோம். இங்கே அதைத் துணியில் தைத்து நெஞ்சில் குத்திக்கொண்டு, "ஆந்தைகள் வாழ்க," என்று கத்தினார்கள். அமலினிதான் எல்லோரையும்விட உரத்துக் கத்தினாள்.

அந்த முகாமில் எல்லாம் பழைய முறைதான். பிள்ளைகளே கூடாரம் அடிக்க வேண்டும். மேசையைக் கம்பும் கயிறும் வைத்துக் கட்ட வேண்டும், ஆணி அடிக்கக் கூடாது. விரல் விறைக்கிற ஊற்றுத் தண்ணீரில் கோப்பை கழுவ வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலே வியாழக்கிழமை மலைநடை. ஒவ்வொரு குழுவும் ஒரு வரைபடமும் திசைகாட்டியும் எடுத்துக்கொண்டு, பெரியவர்கள் யாருமில்லாமல், தனித்தனிப் பாதையால் மலையுச்சிச் சிற்றாலயத்துக்குப் போகும். அங்கே தங்கள் குழுவுக்கென்று உள்ள விதத்தில் மணியை அடிக்கும். அது கீழே முகாமுக்குக் கேட்கும். ஆந்தைகளுக்கு மூன்று அடி, பிறகு தனியாக ஒன்று.

"வழி தவறினால்?" என்று சிஸ்டரிடம் கேட்டேன்.

"நான் சின்னவளாகப் போனபோது தவறினோம். ஆட்டுப்பட்டிக்குள் போய் இறங்கினோம்," என்று பெருமையோடு சொன்னார். இப்படிப்பட்ட மனிதரிடம் பிள்ளையை ஒப்படைத்துவிட்டு எப்படி நிம்மதியாக வெங்காயம் வெட்டுவது?

எங்கள் இரகசியத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். அந்த மலை முழுவதிலும் எங்கள் நிறத்தில் இருந்தவர்கள் இரண்டே பேர். இரண்டு பேருக்கும் ஒரே மூக்கு. இதில் நாங்கள் தாயும் மகளும் இல்லையாம். அமலினி தட்டை நீட்டி, "நன்றி, சிஞ்ஞோரா ஸ்ரெல்லா," என்பாள். ஒவ்வொரு தரமும் சுருக்கென்று தைக்கும். அவளுடைய குழுவில் ரொசாலியா என்று ஒரு நெட்டைப் பெண் இருந்தாள். மூன்றாவது தரமும் சோஸ் வாங்க வந்து நின்று, "உங்கள் மகளுக்கு... மன்னிக்கவும், அந்த முன்பின் தெரியாத பெண்ணுக்கு இன்னும் கொஞ்சம் பாணும் வேண்டுமாம்," என்பாள். வரிசை முழுவதும் கெக்கட்டமிட்டுச் சிரிக்கும்.

நான் ஒப்பந்தத்தை மீறவில்லை. ஆந்தைக் கூடாரத்துப் பக்கம் அடியெடுத்து வைக்கவில்லை. ஆனால் குசினிக் கூடாரம் மேட்டில் இருந்தது. அதன் வாசலில் நின்றால் ஆந்தைக் கூடாரம் நேரே தெரியும். பார்க்கக் கூடாது என்று யாரும் சொல்லவில்லையே. அடுப்பில் ஒரு கண், அவளில் ஒரு கண்ணாக இருந்தேன். அவள் சின்னக் கோடாலியைத் தூக்கினால் என் கை தலைக்குப் போனது. மரத்தில் ஏறினால் வாயைப் பொத்திக்கொண்டேன். அவள் நிமிர்ந்து பார்க்கிற நேரமெல்லாம் நான் அங்கே நின்றேன்.

செவ்வாய்க்கிழமை பின்னேரம் மலையிலிருந்து ஒரு காற்று இறங்கியது. நரிகளின் கூடாரம் சரிந்தது. முயல்களின் மேசை உருண்டு ஊற்றுக்குள் போனது. ஆந்தைகளுடையது மட்டும் அசையவில்லை. கயிறு கட்டியவள் அமலினி. துறைமுகத்தில் கப்பலைக் கரையோடு கட்டுகிற முடிச்சைத் தகப்பன் சொல்லிக்கொடுத்திருக்கிறார், எனக்கே தெரியாது. பிள்ளைகள் எல்லோரும் சுற்றி நின்று "பிராவா, பிராவா" என்று கை தட்டினார்கள். அங்கேயே, அந்த இடத்திலேயே, வியாழக்கிழமைக்கு அவளையே தலைவியாகத் தெரிவு செய்தார்கள். சிஸ்டர் வரைபடத்தைச் சுருட்டி அவள் கையில் கொடுத்தார். என் நெஞ்சு விம்மியது. அதே நேரம் கண்ணூறு பட்டுவிடுமே என்றும் நினைத்தேன். இத்தனை வாய், இத்தனை கண், ஒரு பிள்ளையின் மேல்.

நினைத்தது நடந்தது. புதன்கிழமை காலையிலிருந்து அமலினிக்கு வயிற்று வலி. குடித்த பால் நிற்கவில்லை. நோயாளிக் கூடாரத்தில் கொண்டுபோய்ப் படுக்க வைத்தார்கள். காய்ச்சல் இல்லை, சாப்பாட்டிலும் பிழையில்லை, மற்ற முப்பத்தொன்பது பேரும் குதிரை மாதிரி ஓடித் திரிந்தார்கள். சிஸ்டர் மருந்து கொடுத்துவிட்டு, "நாளை காலையில் எழும்பாவிட்டால் வரைபடத்தை ரொசாலியாவிடம் கொடுக்க வேண்டியதுதான்," என்றார். வெளியே நின்ற எனக்குக் கேட்டது. உள்ளே கிடந்தவளுக்கும் கேட்டிருக்கும். திறந்திருந்த வாசலால் பார்த்தேன், கூடாரத் துணிப் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டாள், தோள் குலுங்கியது. மூன்று வருடம் இதற்காகக் கெஞ்சியவள். எங்கள் வீட்டுப் பல்கணியில் திசைகாட்டியோடு நின்று கிழக்கு எது, மேற்கு எது என்று பழகியவள். அந்த நடை அவளுக்கு இல்லாமல் போனால் என்னால் தாங்க முடியாது என்று அப்போதுதான் எனக்குத் தெரிந்தது.

வருத்தத்துக்குச் சிஸ்டர் மருந்து கொடுத்தார். காரணத்துக்கு யார் கொடுப்பது? வேதக்காரர் கண்ணூறு பார்ப்பதில்லை என்று சொல்பவர்கள் எங்கள் மன்னார்ப் பக்கம் ஒருதரம் வந்து பார்க்கட்டும். நாங்கள் சிலுவை அடையாளம் போட்டுவிட்டுக் கழிப்போம், அவ்வளவுதான் வித்தியாசம். என் பெட்டிக்குள் ஒரு பை செத்தல் மிளகாய் இருந்தது. அது இல்லாமல் நான் எங்கேயும் போவதில்லை.

மத்தியானம் சாப்பிட்டபின் முகாம் முழுவதும் மரநிழலில் படுக்கும். அந்த நேரம் பார்த்து நோயாளிக் கூடாரத்துக்குள் நுழைந்தேன். அமலினி கண்ணயர்ந்திருந்தாள். மிளகாயும் உப்பும் கையில் பொத்தி, தலையைச் சுற்றி மூன்று தரம் எடுத்தேன். ஒரு பிடி போதும். ஆனால் நாற்பது பேர் புகழ்ந்திருக்கிறார்களே, ஒரு பிடி எந்த மூலைக்கு? இரண்டு கையாலும் அள்ளி எடுத்தேன். குசினிக்கு ஓடி, பின்னேரம் கோழி சுட மூட்டிவைத்த கரித் தணலில் கொட்டினேன்.

இதில் ஒரு கணக்கு உண்டு, எங்கள் ஆட்கள் எல்லோருக்கும் தெரிந்தது. கண்ணூறு இருந்தால் மிளகாய் எரிகிறபோது நெடி வராது. எத்தனை மிளகாய் போட்டாலும் ஒரு தும்மல்கூட வராது. நான் தணலுக்கு மேலே குனிந்து, நெடி வராது என்ற முழு நம்பிக்கையோடு மூச்சை இழுத்தேன்.

வந்தது. ஐயோ, வந்தது. தொண்டையில் நெருப்பு, கண்ணில் நெருப்பு. குசினிக் கூடாரம் நிரம்பி, புகை மேட்டிலிருந்து இறங்கி நேரே மரநிழலுக்குப் போனது. முதலில் ஒரு இருமல் கேட்டது. பிறகு பத்து. பிறகு எல்லாம் சேர்ந்து ஒரு மாட்டுப்பட்டி கத்துவது போல. யாரோ "நெருப்பு" என்று கத்தினார்கள். விசில் சத்தம் கேட்டது. நல்ல ஒழுங்கான பிள்ளைகள், இருமிக்கொண்டே கொடிமரத்தடியில் வரிசையாக நின்று, கண்ணீர் ஓட ஓட, குழுக்குழுவாக ஆள் எண்ணினார்கள். சிஸ்டர் கொன்சேத்தா உடுப்பைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு வாளியோடு ஓடி வந்து தணலின் மேல் தண்ணீரை ஊற்றினார். அதற்குப் பிறகு புகையோடு ஆவியும் சேர்ந்துகொண்டது.

"ஸ்ரெல்லா, என்ன இது?" என்று கேட்டார், இரண்டு இருமலுக்கு நடுவில்.

பொய் சொல்லத் தொண்டையில் இடமில்லை. "மலோக்கியோ," என்றேன். கண்ணூறுக்கு அவர்களுடைய சொல் அதுதான்.

அடுத்த பஸ்ஸில் என்னை அனுப்பிவிடுவார் என்று நினைத்தேன். சிஸ்டர் வாளியைக் கீழே வைத்தார். வாசலை ஒருதரம் எட்டிப் பார்த்துக்கொண்டார்.

"என் அம்மா தட்டில் தண்ணீர் வைத்து ஒலிவ் எண்ணெய் விடுவார்," என்று மெல்லிய குரலில் சொன்னார். "மிளகாய் போட்டு நான் கண்டதில்லை. சரி, முடிவு என்ன? இருக்கிறதா?"

அப்போதுதான் எனக்கு உறைத்தது. நெடி என்றால் இதுவல்லவா நெடி. நாற்பது பேரையும் எழுப்பிய நெடி. என் பிள்ளையின் மேல் ஒரு துளிக் கண்ணூறு இல்லை. நரியும் முயலும் குருவியும் மனதில் ஒன்றும் வைக்காமல்தான் கை தட்டியிருக்கிறார்கள்.

"இல்லை," என்றேன்.

"அப்படியானால் அவளுக்கு என்ன?"

அதைக் கேட்கத்தான் மீண்டும் நோயாளிக் கூடாரத்துக்குப் போனேன். அமலினி போர்வையைச் சுற்றிக்கொண்டு எழும்பி இருந்தாள். கண் சிவந்திருந்தது.

"மிளகாய் எரிச்சனீங்களோ?"

"ஓம்."

"நெடி வந்ததெல்லோ. அப்ப கண்ணூறு இல்லை." கணக்கு அவளுக்கும் தெரியும்.

"அப்ப என்ன பிள்ளை செய்யுது உனக்கு?"

போர்வை நூலைப் பிடுங்கிக்கொண்டிருந்தாள்.

"பயம்," என்றாள்.

"மலைக்கோ? பயமெண்டா விடு, ஆரும் உன்னைக் கட்டாயப்படுத்த..."

"மலைக்கு இல்லை. நீங்கள் குசினி வாசல்லை நிக்கிறியள். நான் கோடாலி தூக்கினாத் தலையிலை கை வைக்கிறியள். மரத்திலை ஏறினா வாயைப் பொத்துறியள். அதுவரைக்கும் நான் விழுவன் எண்டு எனக்குத் தோன்றவே இல்லை. உங்கடை முகத்தைப் பாத்தாப் பிறகுதான் கால் நடுங்குது. நாளைக்கும் நீங்கள் அப்பிடியே வந்து நிப்பியள். நான் திரும்பிப் பாப்பன். பிறகு என்னாலை போகேலாது."

"அதுக்கோ நான் வாறன் எண்டவுடனை அழுதனி? வெக்கத்திலை இல்லையோ?"

"என்ன வெக்கம்?" என்று உண்மையாகவே விளங்காமல் கேட்டாள். "ரொசாலியா தன்ரை தாயைக் குடுத்திட்டு உங்களை எடுக்கப் போறாளாம்."

எனக்குச் சந்தோசமும் கோபமும் ஒன்றாக வந்தன. வெட்கமில்லை என்ற சொல்லைக் கேட்க இரண்டு கிழமையாகக் காத்திருந்தேன். கோபம் யாரில் என்றுதான் தெரியவில்லை. ஆசையாகப் பார்க்கிற கண்ணும் படும் என்று எனக்குச் சின்ன வயதிலிருந்தே தெரியும். பயந்து பார்க்கிற கண் படும் என்று ஒருவரும் எனக்குச் சொல்லித் தரவில்லை. அதற்கு எந்த மிளகாயைச் சுற்றுவது?

"சரி. நாளைக்கு நான் பாக்க மாட்டன்," என்றேன்.

"உங்களாலை ஏலாது."

"ஏலும்."

"எங்கை, பாப்பம்," என்றாள். வாயோரத்தில் ஒரு சிரிப்பு வந்தது. பிறகு பசிக்கிறது என்றாள்.

அன்று பின்னேரம் குசினி வாசலில் ஒரு வரிசை நின்றது. கதை முகாம் முழுவதும் பரவிவிட்டது, எல்லோருக்கும் தங்கள் தலையையும் சுற்ற வேண்டுமாம். மிளகாய்க்குச் சிஸ்டர் தடை போட்டுவிட்டார். உப்பை மட்டும் பொத்தி ஒவ்வொரு தலையாகச் சுற்றினேன். ரொசாலியாவின் தலை எனக்கு எட்டவில்லை, அவள் முழங்காலில் நின்றாள். வரிசையின் கடைசியில் சிஸ்டர் கொன்சேத்தா, வேறு வேலையாக வந்தவர் போல வானத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார். அவருக்கும் சுற்றினேன்.

வியாழக்கிழமை காலை அமலினி எழும்பிவிட்டாள். நான் மேசையைத் திருப்பிப் போட்டு, வாசலுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்று கத்தரிக்காய் வெட்டினேன். சப்பாத்துச் சத்தம் கேட்டது. ஆந்தைகள் வாழ்க என்ற கூச்சல் கேட்டது. கழுத்து தானாகத் திரும்பப் பார்த்தது. கத்தியை இறுக்கிப் பிடித்தேன். சிஸ்டர் வாசலில் நின்றார்.

"போகிறார்களா?"

"போகிறார்கள். அவள்தான் முன்னுக்கு. இப்போது திரும்பிப் பார்க்கிறாள்."

"என்னைத் தெரிகிறதா?"

"உங்கள் முதுகு நன்றாகத் தெரிகிறது."

"அவள் என்ன செய்கிறாள்?"

"சிரிக்கிறாள். கையைக் காட்டுகிறாள். போய்விட்டாள்."

அதன் பிறகு வந்த பொழுதை என் எதிரிக்கும் கொடுக்க மாட்டேன். மத்தியானத்துக்கு முன்னரே நரிகளின் மணி கேட்டது. பிறகு குருவிகள். பிறகு முயல்கள். ஆந்தைகள் இல்லை. கத்தரிக்காய் முடிந்தது, செலரி வெட்டினேன். அது முடிந்தது, வெங்காயம். இரண்டு முகாமுக்குப் போதுமான கப்பொனாத்தாக் கத்தரிக்காய்க் கறி சேர்ந்துவிட்டது. சிஸ்டர் செபமாலையை உருட்டிக்கொண்டிருந்தார், ஒவ்வொரு செபமணிக்கும் ஒருதரம் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். ஆட்டுப்பட்டி, என்று நினைத்தேன். பள்ளம், என்று நினைத்தேன். வாசலுக்குப் போய் மலையைப் பார்த்தால் யாருக்குத் தெரியப்போகிறது? ஆனாலும் போகவில்லை. என் கண் அந்த மலையில் பட வேண்டாம் என்று நின்ற இடத்திலேயே நின்றேன்.

அப்போது கேட்டது. மூன்று அடி, பிறகு தனியாக ஒன்று. அதோடு நிற்கவில்லை. திரும்பவும் மூன்று, ஒன்று. திரும்பவும். கயிற்றில் ஆளுக்கு ஆள் தொங்கி அடித்திருக்க வேண்டும், கடைசியில் கணக்கே இல்லாமல் அந்த மணி கலியாண வீட்டு மணி மாதிரி அடித்தது. நான் அழுதேன். வெங்காயம் என்று சொல்லவில்லை, அழுகைதான். சிஸ்டர் என்னைக் கட்டிப்பிடித்து, அகப்பையோடு சேர்த்து ஒரு சுற்றுச் சுற்றினார்.

வெயில் சாயும் நேரம் மற்ற மூன்று குழுவும் முன் பாதையால் வந்து சேர்ந்து குசினிக்கு முன்னால் தட்டோடு கூடிவிட்டார்கள். நான் அந்தப் பாதைக்கு முதுகைக் காட்டி, குசினியின் பின்பக்கத்துப் பற்றையைப் பார்த்தபடி நின்றேன். சத்தியத்தை முழுதாகக் காப்பாற்றிய திருப்தியோடுதான் நின்றேன். அந்தப் பற்றை அசைந்தது. முதலில் ரொசாலியாவின் நெட்டைத் தலை தெரிந்தது, பிறகு ஆந்தைகள் ஒவ்வொன்றாகப் பள்ளத்திலிருந்து ஏறி வந்தன. எந்தப் பாதையால் வரக் கூடாதோ அந்தப் பாதையால், நேரே என் மூக்குக்கு முன்னால்.

அவசரமாகக் கண்ணை மூடினேன்.

முகாம் முழுவதும் கத்தியது, தட்டுகளில் தட்டியது. நான் அகப்பையை நெஞ்சோடு பிடித்துக்கொண்டு கண்ணைத் திறக்காமல் நின்றேன். சப்பாத்துச் சத்தம் கிட்ட வந்தது. வேர்வையும் மண்ணும் காட்டுப் புதினாவும் மணத்தது. நாற்பது பிள்ளைகளுக்கும் கேட்க, தமிழில், அவள் சொன்னாள்.

"அம்மா. இப்ப பாருங்கோ."

கண்ணைத் திறந்தேன். இரண்டு முழங்காலும் உரஞ்சியிருந்தன. தலைமயிர் முழுக்கச் சருகு. வரைபடம் கிழிந்திருந்தது. பார்த்துக்கொண்டே நின்றேன். வேண்டிய மட்டும் பார்க்கட்டும் என்று அவளும் அசையாமல் நின்றாள்.